முழு ரையா, கலப்பு ரையா? முதல் முறை சுடுபவருக்கு எது சரி

ரை (rye, கோதுமை போன்ற ஒரு தானியம்) ரொட்டி சுட ஆசைப்படுபவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "பாதிக்கு மேல் கோதுமை மாவு சேர்த்துக்கொள்ளுங்கள், முழு ரையெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்பதுதான். நான் நேர்மாறாகச் சொல்வேன். ரொட்டி அச்சான டின்னில் சுடும் முழு ரைதான், அதாவது ரை மாவு மட்டுமே போட்ட ரொட்டிதான் சுலபம். கைப்பழக்கம் கேட்பது கலப்பு ரொட்டி.

காரணம் மாவிலேயே இருக்கிறது. கோதுமை மாவைப் பிசையப் பிசைய குளூட்டன் என்ற புரதம் வலையாகப் பின்னிக் காற்றைப் பிடித்துவைக்கும். ரையிலும் குளூட்டன் உண்டு (குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இதுவும் ஆகாது), ஆனால் அது அப்படிப் பின்னாது. ரை மாவைத் தாங்குவது பென்டோசான் என்ற பசைப்பொருள். தண்ணீரை ஏராளமாக உறிஞ்சிக் களிமண் போலாகிவிடும். ஆகவே பிசைவதில் பயனே இல்லை.

என் அளவு இது. முதல் நாள் இரவு 200 கிராம் ரை மாவு, 200 கிராம் தண்ணீர், ஒரு பெரிய கரண்டி ஸ்டார்ட்டர் (ரொட்டியைப் பொங்கவைக்கும் புளிமாவு). காலையில் அதோடு 300 கிராம் ரை மாவு, 220 கிராம் வெதுவெதுப்பான தண்ணீர், 10 கிராம் உப்பு. கரண்டியால் கிளறி, ஈரக் கையால் டின்னில் அமுக்கி, மேலே மாவு தூவிவிட வேண்டியதுதான். 28 டிகிரி வாக்கில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் பொங்க விட வேண்டும். தூவிய மாவில் மெல்லிய வெடிப்புகள் ஓடினால் ஓவனுக்குள் வைக்கலாம்: 240 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 45 நிமிடம். உருட்டி வடிவம் கொடுக்கும் வேலை கிடையாது. டின் பார்த்துக்கொள்ளும்.

கலப்பில் (நான் போடுவது 40 பங்கு ரை, 60 பங்கு கோதுமை) இரண்டு மாவின் குணத்தையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். கோதுமைக்காகப் பிசைய வேண்டும். ரையோ விரலில் ஒட்டும். அது புளிப்பை வேகமாகவும் ஏற்றும். அரை மணி அசந்தால், பொங்க வைத்த கூடையிலிருந்து கவிழ்த்த உருண்டை தட்டையாகப் பரந்துவிடும். எனக்கு மூன்று முறை அப்படி ஆனது. சரியாக வந்துவிட்டால் மட்டும், அந்த மொறுமொறுப்பான மேல்தோலை டின் ரொட்டியில் கனவிலும் எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது வழி, ஸ்டார்ட்டரே இல்லாமல் ஈஸ்ட் மட்டும். நேரம் மிச்சமாகும்தான். ஆனால் ரை மாவில் அமைலேஸ் நொதி அதிகம். ஓவனில் ரொட்டி சூடாகும்போதே அது மாவுச்சத்தைக் கரைக்கத் தொடங்கும். புளிமாவின் அமிலம்தான் அதற்குக் கடிவாளம். அமிலம் இல்லாத முழு ரை, வெந்த பிறகும் நடுவில் பிசுபிசுவென்று நிற்கும். ஐந்தில் ஒரு பங்கு ரைதான் என்றால் ஈஸ்ட் தாராளமாகப் போதும்.

முழு ரையின் தொல்லையெல்லாம் சுட்டு முடித்த பிறகுதான். ஒரு நாள் வெட்டக் கூடாது. முதல் தடவை நான் இரண்டே மணி நேரத்தில் கத்தி வைத்தேன். கத்தி முழுக்கப் பசை, ரொட்டி வேகவில்லை என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். உள்ளே 97 டிகிரி வந்திருந்தது, வெந்துதான் இருந்தது. ஈரம் சமமாகப் பரவ 24 மணி நேரமாவது துணியில் சுற்றி வைக்க வேண்டும். பதிலுக்கு ஒரு வாரம் காயாமல் இருக்கும், மூன்றாம் நாள்தான் ருசியின் உச்சம். கலப்பு ரொட்டியை ஆறினதுமே வெட்டலாம். நான்காம் நாள் டோஸ்ட் செய்தால்தான் இறங்கும்.

அன்றைக்கே சாப்பாட்டு மேசைக்கு வேண்டுமென்றால் கலப்பு. வாரம் முழுக்கக் காலையில் மெல்லிய துண்டுகளாக வேண்டுமென்றால் டின். எதைச் செய்தாலும் பாத்திரத்தை உடனே குளிர்ந்த தண்ணீரில் ஊறப் போடுங்கள். காய்ந்த ரை மாவு சிமென்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.