மாடித் தொட்டி மோட்டாருக்கு எந்த போர்டு: ஊனோவா, ஈஎஸ்பி32-ஆ, பிக்கோவா?

தொட்டி காலியானால் மோட்டார் ஓட வேண்டும், நிரம்பினால் நிற்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸில் கை வைக்கிற பலரும் எல்இடி மினுக்கிய கையோடு இறங்கும் வேலை இது. கடையில் கேட்டால் புரோகிராம் எழுதி ஓட்டும் மூன்று சிறு போர்டுகளை எடுத்து வைப்பார்கள்: ஆர்டுயினோ ஊனோ ஆர்3, ஈஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பிக்கோ.

காகிதத்தில் போட்டியே கிடையாது. ஊனோவுக்கு 16 மெகாஹெர்ட்ஸ், 2 கிலோபைட் ரேம். பிக்கோவுக்கு 133 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கோர், 264 கிலோபைட் ரேம். ஈஎஸ்பி32-க்கு 240 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கோர், 520 கிலோபைட் ரேம், கூடவே வைஃபையும் புளூடூத்தும். ஆனால் தொட்டி நிரம்ப அரை மணி நேரம் ஆகும். விநாடிக்கு ஒரு முறை மட்டம் பார்த்தாலே அதிகம். அந்த வேலைக்கு ஊனோவே பெரும்பாலும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால் வேகத்தையும் ரேமையும் ஓரமாக வைத்துவிடலாம். பார்க்க வேண்டியவை வேறு: பின்களின் (போர்டில் கம்பி சொருகும் முனைகளின்) வோல்டேஜ், கரண்ட் வந்த முதல் விநாடியில் அந்தப் பின்கள் என்ன நிலையில் இருக்கின்றன, புரோகிராம் தொங்கினால் மோட்டார் என்ன ஆகும்.

5 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா

இந்த வேலைக்கான உதிரிகள் பெரும்பாலும் 5 வோல்ட் காலத்தவை. ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்து நீர்மட்டத்தை அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசானிக் சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் தருகிறது. போர்டு சொன்னபடி சுவிட்சைப் போட்டு அணைக்கும் நீல ரிலே மாட்யூலுக்கு 5 வோல்ட். மோட்டார் இழுக்கும் கரண்டை அளக்கும் ஏசிஎஸ்712-க்கும் 5 வோல்ட். ஊனோவில் இவற்றை அப்படியே சொருகலாம்.

ஈஎஸ்பி32, பிக்கோ இரண்டின் பின்களும் 3.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எக்கோ கம்பியில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வைத்துப் பிரித்தால் 5 வோல்ட் 3.3 ஆக இறங்கும். அது சுலபம். ஏசிஎஸ்712-தான் ஆளைக் கவிழ்க்கும். கரண்ட் இல்லாதபோது அதன் வெளியீடு 2.5 வோல்ட். 20 ஆம்பியர் வகையில் ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் ஏறி இறங்கும். மோட்டார் 6 ஆம்பியர் எடுக்கிறது என்றால் அலையின் உச்சி 8.5 ஆம்பியர், அதாவது 3.35 வோல்ட். ஓடும்போதே எல்லை தாண்டிவிட்டது. கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்குமே, அப்போது கேட்கவே வேண்டாம். இங்கேயும் ரெசிஸ்டர் பிரிப்பு கட்டாயம்.

ரிலே மாட்யூலிலும் ஒரு சிக்கல் உண்டு. உள்ளீட்டுப் பின்னின் வோல்டேஜ் தாழ்ந்தால் ரிலே இழுக்கும் (சுவிட்ச் மூடும்) வகை அது. 5 வோல்ட் மாட்யூலுக்கு 3.3 வோல்ட் போர்டு 'உயர்' என்று சொன்னாலும் நடுவில் 1.7 வோல்ட் மிஞ்சும். சில மாட்யூல்களில் அந்த மிச்சத்திலேயே விளக்கு மங்கலாக எரியும், ரிலே விடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போதும். போர்டு பின்னிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக பேஸுக்கு, பேஸிலிருந்து 10 கிலோ ஓம் கிரவுண்டுக்கு, எமிட்டர் கிரவுண்டில், கலெக்டர் மாட்யூலின் உள்ளீட்டில். இப்போது பின் உயர்ந்தால்தான் ரிலே இழுக்கும், போர்டு உயிரோடு இல்லாதபோது ரிலே விட்டே இருக்கும். ஊனோவுக்கும் இதைச் செய்வது நல்லது.

முதல் விநாடி

மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும் கணத்தில் மோட்டார் ஒரு முறை 'டக்' என்று இழுத்து விடுகிறதா? ஈஎஸ்பி32-வில் 5, 14, 15 போன்ற பின்கள் பூட் ஆகும்போது தாமாகவே துடிக்கும். அவற்றில் ரிலேயைக் கட்டினால் அந்த டக் உறுதி. 12-ஆம் பின் இன்னும் மோசம். பூட் நேரத்தில் அது உயர்ந்திருந்தால் சிப், புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 1.8 வோல்ட் என்று முடிவு கட்டிவிடும், போர்டு எழவே எழாது. 6 முதல் 11 வரை ஃபிளாஷுக்குச் சொந்தம். ரிலேக்கு 26 அல்லது 27, சென்சாருக்கு 32 அல்லது 33 என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை. 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டுமே. அவற்றில் உள் புல்-அப்பும் (பின் மிதக்காமல் 'உயர்' நிலையில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. தண்ணீரோடு மிதந்து ஏறி இறங்கும் ஃப்ளோட் சுவிட்சை அங்கே கட்டிவிட்டு 'ரீடிங் ஆடுகிறது' என்று புலம்பிப் பயனில்லை.

இந்த விஷயத்தில் பிக்கோ சமத்து. பூட் ஆகும்போது பின்கள் எல்லாம் உள்ளீடாக, 'தாழ்' நிலையில் பிடித்து வைக்கும் உள் புல்-டவுனோடு எழும். மேலே சொன்ன டிரான்சிஸ்டரோடு சேர்ந்தால் ரிலே அசையாது. ஊனோவின் பின்கள் மிதந்துகொண்டு எழும். அந்த 10 கிலோ ஓம் அதற்காகத்தான்.

வைஃபை

'மொபைலில் பார்க்க வேண்டும்' என்ற ஒரே ஆசையில்தான் பெரும்பாலோர் ஈஎஸ்பி32 வாங்குகிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் சிக்கலின் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் மாதிரி புரோகிராம்கள் பலவும் தொடக்கத்திலேயே 'வைஃபை கிடைக்கும்வரை காத்திரு' என்று ஒரு சுழலில் நிற்கும். கரண்ட் வந்ததும் ஈஎஸ்பி32 ஒரு நொடியில் எழுந்துவிடும், ரவுட்டர் எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை தொட்டியை யாரும் பார்ப்பதில்லை. நடுவில் இணைப்பு அறுந்து மீண்டும் அதே சுழலுக்குள் போனால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் அப்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கலாம். மட்டம் பார்க்கும் வேலை முதலில், வைஃபை நேரம் கிடைத்தால், என்றுதான் புரோகிராம் இருக்க வேண்டும்.

ஈஎஸ்பி32-க்கான ஆயத்த மென்பொருளான ஈஎஸ்பிஹோமையும், அதோடு பேசும் வீட்டுத் தானியக்க மென்பொருளான ஹோம் அசிஸ்டென்ட்டையும் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறொரு பொறி. வைஃபையோ ஹோம் அசிஸ்டென்ட் இணைப்போ 15 நிமிடம் இல்லையென்றால் போர்டு தானாக ரீபூட் ஆகும். அதுதான் இயல்பு அமைப்பு. ரவுட்டர் படுத்த நாளில் மோட்டார் கால் மணிக்கு ஒரு முறை நின்று போகும். அமைப்பு ஃபைலில் வைஃபை, ஏபிஐ (ஹோம் அசிஸ்டென்ட் இணைப்பு) இரண்டு பகுதியிலும் ரீபூட் டைம்அவுட்டைச் சுழியம் ஆக்குங்கள். போர்டு எழும்போது ரிலே எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் ரீஸ்டோர் மோடை 'எப்போதும் ஆஃப்' என்று வையுங்கள்.

மின்சப்ளையும் முக்கியம். வைஃபை அனுப்பும் கணங்களில் ஈஎஸ்பி32 கால் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மெலிந்த யுஎஸ்பி கம்பியில் வோல்டேஜ் சரிந்து, பிரவுன்-அவுட் என்று சீரியல் மானிட்டரில் கத்திவிட்டு ரீசெட் ஆகும். குட்டையான, தடித்த கம்பி போட்டு, 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் பெரும்பாலும் தீரும். வழக்கமான இன்னொரு தவறு: போர்டை இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு சிக்னல் வரவில்லை என்று தேடுவது.

வைஃபை உள்ள பிக்கோ டபிள்யூ 2022-இல் வந்தது. மைக்ரோபைத்தானில் எழுதிப் பழக இதைவிட நல்ல போர்டு இல்லை. பட்டனை அழுத்திக்கொண்டு யுஎஸ்பியில் சொருகினால் பென்டிரைவ் போலத் தெரியும், ஃபைலை இழுத்துப் போட்டால் முடிந்தது. ஈஎஸ்பி32-வில் 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாக ஓடும்போது பூட் பட்டனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தண்டனை இங்கே இல்லை. ரீசெட் பட்டன் இல்லாதது மட்டும் எரிச்சல். ரன் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு பட்டன் நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த போர்டானாலும் சரி, செய்ய வேண்டியவை

நீல ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஹீட்டர், பல்பு போன்ற சுமைக்கு. 1 ஹெச்பி மோட்டாரை அதில் நேராகக் கட்டினால் கிளம்பும் கரண்டில் முனைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு போர்டு எவ்வளவு ஒழுங்காக 'நிறுத்து' என்றாலும் மோட்டார் ஓடும். ரிலே, மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரின் சுருளை மட்டும் இயக்கட்டும். மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். சுருளுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் தொடராக வைக்க வேண்டும். இல்லையென்றால் கான்டாக்டர் விடும்போதெல்லாம் எல்சிடியில் கிறுக்கல் எழுத்து வரும், அல்லது போர்டு ரீசெட் ஆகும். 230 வோல்ட் பக்கத்து இணைப்புகளை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அல்ட்ராசானிக் சென்சார் பார்க்க அழகு. ஆனால் திறந்த முகமுள்ள ஹெச்சி-எஸ்ஆர்04 தொட்டிக்குள் படியும் ஈரத்தில் நாளடைவில் செத்துவிடும். நீர் புகாத ஜேஎஸ்என் வகை, 20 முதல் 25 சென்டிமீட்டருக்குள் இருப்பதைப் பார்க்காது. நிரம்பிய மட்டத்துக்கு அந்த அளவு மேலே மாட்ட வேண்டும். வெயிலும் கணக்கைக் கெடுக்கும். 20 டிகிரியில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர், 45 டிகிரியில் சுமார் 358. ஒரு மீட்டர் ஆழத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர் பிசகும். 15 மீட்டர் கம்பியில் எக்கோவைக் கீழே கொண்டுவருவது வேறு தலைவலி.

ஆகவே நிறுத்தும் வேலைக்கு ஃப்ளோட் சுவிட்ச். நிரம்பாதபோது மூடியிருந்து, நிரம்பியதும் திறக்கும்படி கட்டுங்கள். பின்னுக்கு வெளியே 1 கிலோ ஓம் புல்-அப், 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர். போர்டுகளின் உள் புல்-அப் பல்லாயிரம் ஓம். நீண்ட கம்பிக்கு அது நோஞ்சான். இப்படிக் கட்டினால் கம்பி அறுந்தாலும் 'நிரம்பிவிட்டது' என்றே தெரியும், மோட்டார் நிற்கும். இதற்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே இன்னொரு ஃப்ளோட் வைத்து, அதை ரிலே சுருளுக்குப் போகும் 5 வோல்ட் கம்பியிலேயே தொடராக இணையுங்கள். போர்டே தொங்கிப் போனாலும் தண்ணீரே அந்த ஃப்ளோட்டைத் தூக்கி மோட்டாரை நிறுத்திவிடும்.

சரி, எதை வாங்குவது

மோட்டாரை நிறுத்தி ஓட்டுவது மட்டும் போதும் என்றால் ஊனோ. கிழட்டு போர்டு என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உதிரிகளோடு மல்லுக்கட்டு இல்லை. சாக்கெட்டில் சிப் இருக்கும் வகையாகப் பார்த்து வாங்கினால், பின் கருகினாலும் பூட்லோடர் (யுஎஸ்பி வழியே புரோகிராம் ஏற்ற உதவும் சிறு மென்பொருள்) ஏற்றிய சிப்பை மட்டும் மாற்றலாம். புரோகிராம் தொங்கினால் போர்டை ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கை 8 விநாடிக்கு வைத்துவிடுங்கள். 12 வோல்ட் அடாப்டரை வட்டச் சாக்கெட்டில் சொருகி ரிலேக்கும் அங்கிருந்தே கரண்ட் எடுத்தால் ரெகுலேட்டர் சுடும். 5 வோல்ட் சார்ஜரில் ஓட்டுங்கள்.

மொபைலில் மட்டம் தெரிய வேண்டும் என்றால் ஈஎஸ்பி32, ஆனால் மேலே சொன்ன இரண்டாம் ஃப்ளோட்டைத் தவிர்க்கவே கூடாது. கைவசம் ஊனோ இருந்தால் மோட்டாரை அதனிடம் விட்டுவிட்டு, செய்தி சொல்லும் வேலையை மட்டும் ஈஎஸ்பி32-க்குத் தரலாம். பிக்கோ மூன்றில் அழகாக வடிவமைத்தது. இந்த வேலைக்கு மட்டும் மூன்றாம் இடம். வைஃபையில் ஈஎஸ்பி32-க்குக் கிடைக்கும் ஆயத்த மென்பொருள் ஆதரவு அதற்கு இல்லை, 5 வோல்ட் உதிரிகளோடு ஊனோவின் சௌகரியமும் இல்லை.

சுவரில் மாட்டும் முன் மேசையில், மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை வைத்துச் சோதியுங்கள். பல்பு எரியும்போது ஃப்ளோட் கம்பியைப் பிடுங்குங்கள்; அணைய வேண்டும். ரவுட்டரை அணைத்து இருபது நிமிடம் விடுங்கள். பல்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மெயினைப் பத்து முறை சட்சட்டென்று போட்டு அணையுங்கள். ஒரு முறைகூட பல்பு தானாக மின்னக் கூடாது. கடைசியாக, புரோகிராமில் வேண்டுமென்றே முடிவில்லாச் சுழல் ஒன்றை எழுதி, பல்பு எரியும் நிலையில் தொங்கவிட்டு, மேல் ஃப்ளோட்டைக் கையால் தூக்குங்கள். வாட்ச்டாக் விழிக்கும் முன்பே பல்பு அணைந்தால் சுவரில் மாட்டலாம்.