திமாரா, மன்சப்பா: குதிரைவீரனின் ஊதியமும் பேரரசின் போக்கும்

துருக்கியின் உஸ்மானியர், பாரசீகத்தின் சபாவியர், இந்தியாவின் முகலாயர் ஆகிய பேரரசர் மூவரில் ஒருவரை முழுமையாக நடத்தி, மற்ற இருவரையும் அவர்களோடு ஒப்பிட்டுக் காட்ட வகுப்புக்குத் திட்டமிட்டபோது நான் முகலாயரைத் தேர்ந்தேன். நமக்குப் பழகியவர்கள் என்பது காரணமன்று. துப்பாக்கியும் பீரங்கியும், உஸ்மானியர் சபாவியரை வென்ற சால்திரானிலும் (1514) பானிப்பட்டிலும் (1526) செய்த வேலையைப் பாடநூல்களே சொல்லிவிடுகின்றன. 1501இல் ஷா இஸ்மாயில் பன்னிரு இமாம் ஷியா நெறியை அரச சமயமாக்கியதால், சபாவியரிடம் சமயமே அரசின் எல்லைக்கோடாயிற்று. எனக்கு முடிவைத் தந்த கேள்வி வேறு: குதிரைவீரனுக்கு ஊதியம் எங்கிருந்து வந்தது?

உஸ்மானியர் குதிரைவீரனுக்கு ஊதியமாகக் கிராம வரியை ஒதுக்கினார்கள்; அந்த ஒதுக்கீடே திமார். பதினைந்தாம் நூற்றாண்டுப் பால்கனில் கிறித்தவர்களும் திமார் பெற்றிருந்தனர். தலைமுறைகள் செல்லச் செல்ல அது அரிதாயிற்று. தேவ்ஷிர்மே முறையில் திரட்டப்பட்ட கிறித்தவச் சிறுவர்கள் மதம் மாறிய பின்னரே ஜானிசாரிகள் எனும் சுல்தானின் காலாட்படையினராகவும் அமைச்சர்களாகவும் உயர்ந்தார்கள். திருச்சபைக்குத் தன்னாட்சி இருந்தது. ஆனால் அதிகாரத்தின் மேல்படிக்கு மதம் மாறியே செல்ல வேண்டியிருந்தது. உஸ்மானியப் பதிவேடுகளை மொழிபெயர்ப்பில் மட்டுமே படித்தவன் என்பதால் இந்த மதிப்பீட்டைச் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன்.

அக்பரின் மன்சப் (பதவித்தரம்) முறையில் ‘சாத்’ எண் ஒருவரின் தரத்தையும் சொந்த ஊதியத்தையும், ‘சவார்’ எண் அவர் வைத்திருக்க வேண்டிய குதிரைவீரர்களையும் குறித்தன. அணிவகுப்பு நாளில் இரவல் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தும் தந்திரத்தைத் தடுக்க, குதிரைக்குச் சூடு போட்டார்கள். வீரனின் அங்க அடையாளங்களை ஏட்டில் ஏற்றினார்கள். இந்தக் கணக்கில் சமயத்துக்கு வேலையில்லை. ஆம்பேரின் ராஜபுத்திர இந்துவான மான் சிங் மதம் மாறாமலே காபூலையும் வங்காளத்தையும் ஆண்டு, 7000 சாத் வரை உயர்ந்தார். அவுரங்கசீப் 1679இல் முஸ்லிம் அல்லாதோர் மீதான ஜசியா வரியை மீண்டும் விதித்த பிறகும், மராத்தியரின் வரவால் உயர் மன்சப்தார்களில் இந்துக்களின் பங்கு கூடியதே தவிரக் குறையவில்லை. அரசரின் சமயக் கொள்கையையும் படையின் தேவையையும் பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த முறையின் பராமரிப்பு எளிதன்று. ஊதியத்துக்கு ஈடாக வரி வசூலிக்கக் கொடுத்த நிலமான ஜாகீரில் எவரும் வேரூன்றக் கூடாது என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றினார்கள். நாளை கைமாறப்போகும் நிலத்தின் குடியானவன்மீது ஜாகீர்தாருக்கு என்ன அக்கறை இருக்கும்? தக்காணப் போர்களில் மன்சப்தார்கள் பெருகி, கொடுக்க ஜாகீர் போதாமற்போனபோது, மாற்றம் என்ற விதியே தளர்ந்தது. அதன் விளைவைச் செஞ்சியிலும் காணலாம். முகலாயர் 1698இல் பிடித்த அக்கோட்டை புந்தேல ராஜபுத்திரரான சரூப் சிங்கின் பொறுப்புக்கு வந்தது. அவருக்குப் பின் அது தமக்கே உரியது என்று நின்ற மகன் தேசிங்கு, 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு பொருதி மடிந்தார். நாட்டுப்பாடல் அவரைத் தனிப்பெரும் வீரராகப் பாடுகிறது. நான் வகுப்பில் அவரை மன்சப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.