இலவச முற்றத்தைக் காட்டி 229 யூரோ வாங்கினார்கள்: மாட்ரிட்டில் படிக்கும் நம் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை தென் ஸ்பெயினின் கிரனாடா நகரில், அல்ஹாம்ப்ரா என்னும் பழைய கோட்டை வளாகத்தில், முஸ்லிம் மன்னர்கள் கட்டிய நஸ்ரிய அரண்மனைகளுக்குச் செல்லும் வாயிலில் என் பாஸ்போர்ட்டை நீட்டினேன். ஊழியர் அதைக் கருவியில் வைத்துப் பார்த்தார்; மறுபடியும் வைத்துப் பார்த்தார்; இந்த எண்ணுக்கு நுழைவுச்சீட்டே எடுக்கப்படவில்லை என்று சொல்லி, எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு வழிவிடச் சொன்னார். அந்தச் சீட்டுக்கும் சேர்த்துத்தான் மூன்று வாரங்களுக்கு முன்பே 229 யூரோ கட்டியிருந்தேன். நம் பணத்தில் அது 20,000 ரூபாய்க்கும் மேல்.

நான் மாட்ரிட்டில் ஒரு பருவம் மட்டும் பழங்கட்டடங்களைப் பராமரித்துக் காக்கும் படிப்பு படிக்க வந்திருக்கும் மாணவி. ஸ்பெயினுக்கு வருவது உறுதியான நாளிலிருந்தே அந்த நஸ்ரிய அரண்மனைகளில் உள்ள இரு சகோதரிகள் மண்டபத்தின் கூரையை நேரில் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன். 5,000-க்கும் மேற்பட்ட சுதைத் துண்டுகளைத் தேன்கூடு போல அடுக்கிக் கட்டிய கூரை அது. அந்த ஆசை எனக்கு எவ்வளவு பெரியது என்பதைச் சொன்னால்தான், எந்த இடத்தில் ஏமாந்தேன் என்பது உங்களுக்குப் புரியும்.

அல்ஹாம்ப்ராவுக்கு நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாது. சீட்டு அவரவர் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும்தான் கிடைக்கும். நஸ்ரிய அரண்மனைகளுக்குள் நுழைய வேண்டிய நேரமும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அந்த நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். அதிகாரபூர்வத் தளத்தில் நான் தேடியபோது என்னால் போகக்கூடிய எல்லா வார இறுதிகளும் தீர்ந்திருந்தன. அந்தச் சோர்வில் இருந்தபோதுதான், வெளிநாட்டு மாணவர்களுக்கு வார இறுதிப் பயணங்களை விற்கும் ஓர் இணையதளத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. வெள்ளி இரவு பேருந்தில் புறப்பாடு, சனிக்கிழமை கோர்தோபா, ஞாயிறு கிரனாடா, ஒரு இரவு விடுதி, 'மசூதிப் பேராலயமும் அல்ஹாம்ப்ரா அரண்மனையும் நுழைவுடன்' என்று போட்டிருந்தார்கள். விலை 229 யூரோ.

நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. சீட்டு உறுதியா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: "சீட்டு உங்கள் பெயரில் எடுக்க வேண்டும், பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள்." நான் நம்பிய கணம் அதுதான். விதி தெரிந்தவர்கள்தானே பாஸ்போர்ட் எண் கேட்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் குடியிருப்பில் தங்கியிருக்கும் கோவைத் தம்பி ஒருவர் தயங்கியபடி, "அக்கா, இவங்கள நம்பலாமா?" என்று கேட்டார். "பாஸ்போர்ட் வரைக்கும் கேக்குறாங்கப்பா, டிக்கெட் எடுக்காமலா கேப்பாங்க" என்று சொன்னது நான்தான். உணவகத்தில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அவரும் 229 யூரோ கட்டினார். என் பணம் போனதைவிட அந்த ஒரு வாக்கியம்தான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கோர்தோபாவில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. காலை எட்டரை மணிக்கு, மசூதியாகக் கட்டப்பட்டுப் பின்னர் தேவாலயமாக மாறிய மசூதிப் பேராலயத்தின் ஆரஞ்சு மர முற்றத்தில் எங்களை நிறுத்திய வழிகாட்டி, ஒருவர் ஒருவராக உள்ளே போங்கள், குழுவாக வந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள், பேசாதீர்கள் என்றார். வழிபாட்டுத் தலம் என்பதால் மரியாதைக்காகச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். உள்ளே சென்றதும் மற்றதெல்லாம் மறந்துபோனது. 785-ஆம் ஆண்டு வாக்கில் கோர்தோபாவை ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய கட்டடம். இன்றும் 850-க்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன. செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி அமைந்த இரட்டை வளைவுகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீண்டுகொண்டே போகின்றன. தூண்களெல்லாம் ஒரே அளவானவை அல்ல. பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து கொண்டுவந்தவை பல என்பதால் ஒன்றின் உச்சிப்பகுதி மற்றொன்றைப் போல இல்லை. ஒரு தூணில் உளி பட்ட தடத்தைக் கையால் தொடாமல் கிட்டப்போய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து அறிவிப்புப் பலகையைப் படித்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை தனியாக வருவோருக்கு அனுமதி இலவசம். குழுக்களுக்கு அந்த நேரத்தில் இடமில்லை. 'நுழைவுடன்' என்று எங்களுக்கு விற்றது இந்த இலவச ஒரு மணி நேரத்தைத்தான். பேசாதீர்கள் என்று அவர் சொன்னதற்கான காரணமும் இதுதான்.

கிரனாடாவில் வேலை இன்னும் சுத்தமாக நடந்தது. நீதி வாயில் வழியாக எங்களை மேலே அழைத்துச் சென்றார்கள். வளைவின் உச்சியில் செதுக்கியிருக்கும் கையையும், உள்வளைவில் இருக்கும் சாவியையும் காட்டி வழிகாட்டி கதை சொன்னார். அங்கிருந்து ஐந்தாம் சார்லஸ் மன்னரின் அரண்மனைக்குள் கொண்டுபோய், சதுரக் கட்டடத்தின் நடுவில் இருக்கும் வட்ட முற்றத்தில் நிறுத்தி, "இதுதான் அரண்மனை, இரண்டு மணி நேரம் சுற்றிப் பாருங்கள்" என்றார். அது 1527-இல் தொடங்கப்பட்ட மறுமலர்ச்சிக் காலக் கட்டடம், நல்ல கட்டடம்தான். ஆனால் நீதி வாயிலுக்கும் அந்த முற்றத்துக்கும் யார் வேண்டுமானாலும் சீட்டு இல்லாமல் வரலாம். நஸ்ரிய அரண்மனைகள் எங்கே என்று கேட்டேன். அதற்குத் தனிச் சீட்டு என்றார். விளம்பரத்தைத் திறந்து காட்டினேன். "அல்ஹாம்ப்ரா அரண்மனை என்றுதானே போட்டிருக்கிறது, இது அல்ஹாம்ப்ராவில் உள்ள அரண்மனைதானே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான், ஒருவேளை சீட்டு எடுத்துவிட்டுச் சொல்ல மறந்திருப்பார்களோ என்ற கடைசி நப்பாசையில் வாயிலுக்கு ஓடினேன். அங்கு நடந்ததை முதலிலேயே எழுதிவிட்டேன். அந்த அரண்மனைகளுக்குள் இருக்கும் சிங்கங்களின் முற்றம் எனக்கு நூறு மீட்டருக்குள்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் பதில், "உங்கள் கருத்துக்கு நன்றி." இரண்டாவது பதில், நுழைவு இருப்பைப் பொறுத்தது என்று விதிமுறைகளில் இருக்கிறது என்பது, பணம் கட்டியபோது அப்படி ஒரு வரியை நான் பார்க்கவில்லை. மூன்றாவதாக, அடுத்த பயணத்தில் 20 யூரோ தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். 229 யூரோவை எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை ஏமாறுவதற்குத் தள்ளுபடி தருகிறார்கள்! என் பாஸ்போர்ட் படத்தையாவது அழித்துவிட்டீர்களா என்று நான்காவதாகக் கேட்டேன். அதன் பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள்.

நேற்று வகுப்பை விட்டுவிட்டு, தளத்தில் இருந்த முகவரிக்கு நானும் தம்பியும் போனோம். தபால் பெட்டிகளை வாடகைக்கு விடும் கடை அது. அங்கிருந்த அம்மையாருக்கு எங்களைப் போல வந்து நிற்பவர்கள் புதிதல்ல என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வங்கியிலும் கேட்டுப் பார்த்தேன். அட்டையில் கட்டியிருந்தால் மறுப்புத் தெரிவிக்க வழி இருந்திருக்கும். நான் அனுப்பியது பிசும் மூலம். நம் ஊர் யூபிஐ போல அனுப்பிய நொடியில் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. பிசும் மட்டும்தான் ஏற்போம் என்று அவர்கள் சொன்னபோதே நான் விழித்திருக்க வேண்டும். 229 யூரோ என்பது என் ஒரு மாத வாடகையில் பாதிக்கும் மேல்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அல்ஹாம்ப்ரா சீட்டை அதிகாரபூர்வத் தளத்தில் நீங்களே எடுங்கள், இருபது யூரோ அளவில்தான் ஆகும். வேறு யாராவது எடுத்துத் தருவதாகச் சொன்னால், உங்கள் பெயரும் நஸ்ரிய அரண்மனை நேரமும் உள்ள சீட்டைக் கையில் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பயண நிறுவனத்தின் உரிம எண்ணைக் கேளுங்கள். ஏமாந்திருந்தால் நகராட்சியின் நுகர்வோர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். நாளைக் காலை நாங்கள் இருவரும் அங்குதான் போகிறோம்.

அதே தளம் அடுத்த சனிக்கிழமைக்கு தொலேதோ, செகோவியா பயணம் என்று விளம்பரம் போட்டிருக்கிறது. 'ரோமானிய நீர்ப்பாலம் நுழைவுடன்' என்று எழுதியிருக்கிறார்கள். செகோவியாவின் அந்த நீர்ப்பாலம் ஊர் நடுவே திறந்த வெளியில் நிற்கிறது, அதற்கு நுழைவு என்ற ஒன்றே கிடையாது. பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் இன்றிரவே எனக்குத் தகவல் அனுப்புங்கள். எங்கள் புகாரில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுகிறோம்.