கட்டிலோரத்துக்கு வந்த டாக்டர்

இந்த முறை ஊரில் இறங்கிய மறுநாள் ராத்திரியே சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். இருபது வருடமாகத் தினமும் குடிப்பவர், நான் வருகிறேன் என்று சட்டென நிறுத்தியிருக்கிறார். காலையில் கை நடுக்கம், வியர்வை. ராத்திரி வலிப்பு. நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த ஓரிரு நாளில் புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். எங்களுக்கு இது தெரியாது. விட்டுவிட்டாரே என்று சந்தோஷமாக இருந்தோம்.

டியூட்டி டாக்டர் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார். அந்நேரத்துக்கு அங்கே மனநல மருத்துவர் இல்லை. நர்ஸ் டேப்லெட் கணினியைக் கட்டிலோரம் வைத்து, வேறு ஊரிலிருந்த போதை சிகிச்சை நிபுணரை வீடியோவில் கூப்பிட்டார். லைன் கிடைக்க அரை மணி ஆனது, அது பெரிய தவிப்பு. ஆனால் வந்தவர் நிதானமாகப் பேசினார். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். நடுக்கம் சரியாகத் தெரியவில்லை போல. நர்ஸ் டேப்லெட்டை விரல்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார். இன்று என்ன கிழமை, சுவரில் ஏதாவது ஊர்கிற மாதிரி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். அதை வைத்துத்தான் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயசிபாம் மருந்தின் அளவு. குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) போட்டாச்சா என்றும் விசாரித்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்ததால், எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்கும் முன் நர்ஸ் சித்தப்பாவுக்கு இயர்போன் மாட்டிவிட்டார். கேள்வி யார் காதிலும் விழவில்லை. அதனால்தான் உண்மையைச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் வயிற்று வலியோடு போனபோது, வேறொரு ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றி, குடிக்காதீங்க என்று சொல்லி, மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்களாம். அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே துவைபட்டுப் போனது. பயந்து படுத்திருக்கும் அந்த ராத்திரியில்தான் மனுஷன் சரி என்பார், விடிந்தால் மாறிவிடும். ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதையில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அவசரப் பிரிவிலேயே அந்தப் போதைக்கான புப்ரெனார்ஃபின் மருந்தைத் தொடங்கியவர்களில் 78 சதவீதம் பேர் ஒரு மாதம் கழித்தும் சிகிச்சையில் இருந்தார்கள்; வேறு இடத்துக்குப் பரிந்துரைச் சீட்டு மட்டும் பெற்றுப் போனவர்களில் 37 சதவீதம்தான். நிபுணர் இல்லாத இடத்தில் இதைச் செய்ய வீடியோ போதும்.

டிஸ்சார்ஜுக்கு முன்பே அடுத்த போன் காலுக்கு நேரம் குறித்துவிட்டார்கள். அது வந்தபோது நான் விமானநிலையத்தில் இருந்தேன். சித்தப்பாவே போனை எடுத்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாராம். சித்தி சொன்னார்.