பழைய ஜெர்மன் வெள்ளி: தாலரா, 3 மார்க்கா?

பழைய ஜெர்மன் நாடுகளின் (பிரஷ்யா, பவேரியா போன்றவை; 1871-ல் ஒரே பேரரசாகச் சேர்ந்தன) வெள்ளிக் காசு சேர்க்க இறங்கினால் முதலில் எதிர்ப்படுவது இரண்டு. 1857 வியன்னா ஒப்பந்தப்படி அந்த நாடுகள் அடித்த ஃபெராயின்ஸ்தாலர், சுருக்கமாகத் தாலர், ஒன்று. பேரரசின் பணமான மார்க்கில் 1908-ல் தொடங்கிய 3 மார்க் காசு இன்னொன்று. இரண்டும் 33 மி.மீ. அகலம், 900 சுத்தம் (ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி). பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

தராசில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். அரைக் கிலோ சுத்த வெள்ளிக்கு 30 தாலர் என்பது கணக்கு. அதைக் காசிலேயே பொறித்திருப்பார்கள். ஆக, ஒரு தாலரில் 16.67 கிராம் சுத்த வெள்ளி. ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறிய பிறகும் அது 3 மார்க் என்று 1907 வரை செல்லுபடியானது. அதை ஒழித்த மறுவருடமே அதே மதிப்பில் புதுக்காசு வந்தது, வெள்ளி மட்டும் 15 கிராம்! ஜனங்கள் அதையும் தாலர் என்றே கூப்பிட்டார்கள்.

அழகில் என் ஓட்டு தாலருக்குத்தான். 3 மார்க்கில் எந்த நாடானாலும் ஒரு பக்கம் அதே பேரரசுக் கழுகு. பத்துக் காசு சேர்ந்ததும் அலுத்துவிடும். தாலரில் இரண்டு பக்கமும் அந்தந்த நாட்டின் அடையாளம். மான்ஸ்ஃபெல்ட் சுரங்க வெள்ளியில் அடித்த காசில் பிரஷ்யா அதைச் சொல்லியே பொறித்தது. இன்னொன்று, 1866-ல் பிரஷ்யா விழுங்கிய ஹனோவர், நாசாவ், பிராங்க்ஃபுர்ட் எல்லாம் தாலரில்தான் உண்டு. மார்க் வருவதற்குள் அந்த நாடுகளே இல்லை.

தாலர் வாங்கும்போது விளிம்பைத் தடவிப் பாருங்கள். நம் காசுமாலை போல பவேரியாவிலும் காசை நகையாக அணிவார்கள். வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பு இருந்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். பளபளவென்று தேய்த்த காசும் அப்படித்தான்.

3 மார்க்கில் சௌகரியம் அதிகம். ஆண்டு, காசு அடித்த நாணயச்சாலையைச் சொல்லும் எழுத்து (பெர்லினுக்கு ஏ, மியூனிக்குக்கு டி), எல்லாம் ஒரே ஒழுங்கு. பிரஷ்யக் காசு தாராளமாகக் கிடைக்கும். ஆனால் பேரரசின் 25 நாடுகளையும் 3 மார்க்கிலேயே முடிக்க முடியாது. அவற்றில் ஒன்றான குட்டி நாடு வால்டெக் மார்க்கில் அடித்த வெள்ளி 1903-ன் 5 மார்க் மட்டும்தான். மார்ட்டின் லூதரின் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தத்தின் நானூறாம் ஆண்டுக்கு 1917-ல் சாக்சனி அடித்த 3 மார்க் வெறும் 100. யாராவது மலிவாக நீட்டினால் போலி என்றே வையுங்கள்.

முதல் காசு எது என்று கேட்டால், பிரான்ஸை வென்றதற்காகப் பிரஷ்யா அடித்த 1871 வெற்றித் தாலர். ஏராளமாக அடித்ததால் கையைக் கடிக்காது.