ஏசி கேபின் டிராக்டர்: காட்டுக்குச் சரி, தோப்புக்கு?

உடுமலைப் பக்கம் எங்களுக்கு மானாவாரிக் காடும் தென்னந்தோப்பும் இருக்கின்றன. வாடகை உழவும் ஓட்டுகிறோம். கம்பெனியிலேயே பொருத்தி வந்த ஏசி கேபினோடு டிராக்டர் எடுத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது, "ஏசி நல்லாக் குளுருதுங்களா?" குளிரும். ஆனால் கேபினின் அருமை புழுதியில்தான் தெரியும்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில், பிளேடு சுற்றி மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டர் ஓட்டினால், எந்தப் பக்கம் திரும்பினாலும் புழுதி மூஞ்சியில்தான் அடிக்கும். கேபினில் ஃபேன் வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பதால் சந்து வழியாகப் புழுதி நுழைவதில்லை. அதற்குக் கதவு ரப்பர் பிடிப்பாக இருக்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்தால் செம்மண் பொடி கொட்டும் பாருங்கள், அவ்வளவும் முன்பெல்லாம் நெஞ்சுக்குள் போனது. ஏசி திடீரென்று குளிராவிட்டால் கேஸ் போய்விட்டது என்று ஓடாதீர்கள். முதலில் ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரில் தூசி, சருகு அடைத்திருக்கிறதா பாருங்கள்.

சத்தம் குறைவது காதுக்கு நல்லது, வேலைக்குக் கொஞ்சம் இடைஞ்சல். வெங்கச்சாங்கல்லில் பிளேடு படுவது கேட்காது. அந்த மாதிரி நிலத்தில் பின் கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைத்துத்தான் ஓட்டுகிறோம். டிரெய்லர் மாட்டும்போதும் அப்படித்தான். "வாங்கண்ணா, இன்னுங் கொஞ்சம்" என்று பின்னால் நிற்கிற தம்பி கத்துவது காதில் விழ வேண்டுமே.

தோப்புதான் தலைவலி. இருபத்தைந்தடி இடைவெளி இருந்தும் மட்டை தாழ்ந்த இளம் தென்னைக்குள் கேபின் நுழையாது. திறந்த வண்டியில் தலையைக் குனிந்துகொள்ளலாம், கூரையைக் குனியச் சொல்ல முடியுமா? கண்ணாடி கீறும், சைடு மிரர் மடங்கும். அதனால் தோப்புக்குப் பழைய வண்டியை விற்காமல் வைத்திருக்கிறோம். தோப்பு மட்டும் இருப்பவர்களுக்குக் கேபின் தண்டச் செலவு என்பேன்.

பட்டறையில் தகரமும் கண்ணாடியும் வைத்துக் கட்டிக்கொள்ளும் கேபின் விலை குறைவுதான். வெயில், மழைக்கு ஆகும். வண்டி கவிழ்ந்தால் தாங்கும் என்று நம்ப முடியாது. கம்பெனி வண்டியிலும் சோதித்துச் சான்று வாங்கிய கவிழ்வுப் பாதுகாப்பு இரும்புச் சட்டகம் உண்டா என்று கேளுங்கள். இருந்தாலும் பெல்ட் போட்டால்தான் அது உயிரைக் காக்கும்.

மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கக் கேபின் போதும் என்று சிலர் மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார்கள். சாதாரணப் புழுதி ஃபில்டர் மருந்து ஆவியைத் தடுக்காது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 15695-இல் நாலாம் வகைக் கேபினும் அதற்கான கார்பன் ஃபில்டரும் இருந்தால்தான் ஆவிக்கும் பாதுகாப்பு. எங்கள் வண்டியில் இருப்பது புழுதி ஃபில்டர்தான். மருந்தடிக்கிற அன்று கேபினுக்குள்ளும் மாஸ்க் போட்டுத்தான் உட்காருகிறோம்.