மருந்தேற்றிய பலகையும் அலுமினிய ஓரத்தகடும்: நாலு மாரிக்குப் பிறகு

2019 ஆவணியில் யாழ்ப்பாணம் அரியாலையில் வளவின் பின்பக்கம் ஒரு சாமான் கொட்டில் போட்டேன். கறையானுக்குப் பயந்து மருந்தேற்றிய பைன் பலகை வாங்கினேன், அந்த இளம்பச்சை நிறத்தது. "பனஞ்சிலாகை இருக்க இதென்ன தம்பி?" என்றார் ஆசாரியார், பனைமரச் சட்டத்தைத்தான் சொன்னார். முகட்டுக்கு மட்டும், பழைய வீட்டில் கழற்றிய பனஞ்சிலாகையைப் போட்டார்.

ஓரங்களுக்கும் முகட்டுக்கும் அலுமினியத் தகடு. நேரே மரத்தில் வைத்து, நாகம் (துத்தநாகம்) பூசிய ஸ்க்ரூவால் முறுக்கினோம். முதல் மாரி ஒன்றும் காட்டவில்லை. 2020 மார்கழியில் புரெவிப் புயல் மழை ஓய்ந்து, தையில் பார்த்தால் தகட்டு விளிம்பில் வெள்ளைத் தூள். கடற்காற்றுத்தான் என்று நினைத்தேன். கழற்றிப் பார்த்தால், பைனோடு ஒட்டியிருந்த பக்கம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக இருந்தது. பனஞ்சிலாகைமேல் இருந்த தகடு அப்படியே கிடந்தது. இரண்டுக்கும் ஒரே காற்றுத்தானே!

குற்றவாளி மருந்திலிருக்கும் செம்பு. பலகை நனைந்தால் செம்பு உப்பு கரைந்து தகட்டில் படியும். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் பற்றரி மாதிரித்தான், தேய்வது அலுமினியம். நாகத்துக்கும் அதே கதி. பலகை காய்ந்தே கிடந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது, ஆனால் எங்கள் மாரியில் அது எங்கே?

முதலில் பலகைக்குப் பெயின்ட் அடித்துப் பார்த்தேன். வீண் வேலை. ஸ்க்ரூ துளைத்த இடத்திலேயே உரிந்தது. 2021 புரட்டாதியில் எல்லாவற்றையும் கழற்றி, பலகைக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவே தார் டேப் ஒட்டினேன். டேப் தகட்டைவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலம். ஸ்க்ரூ துருப்பிடிக்காத உருக்கு, ரப்பர் வாஷரோடு. அதில் 304 என்ற சாதாரண ரகம் போதும் என்றார் கடைக்காரர். கடனீரேரி பக்கத்தில் என்பதால் உப்பைக் கூடத் தாங்கும் 316 ரகம் தேடி வாங்கினேன். விலை கசந்தது.

போன மாதம் ஒரு தகட்டைத் திறந்து பார்த்தேன். நாலு மாரி போயும் டேப்புக்கு மேல் சுத்தம். மேற்கு மூலையில் டேப் சுருங்கிய இடத்தில் மட்டும் விரல் நீளத்துக்கு வெள்ளை பூத்திருந்தது. சித்திரை வெயிலில் தார் இளகிக் கதவில் கறுப்பாக வழிவதுதான் எரிச்சல். இனி வாங்கினால் பியூட்டைல் என்ற ரப்பர் வகை டேப்.

வெட்டு மிச்சத்தை அம்மா அடுப்புக்கு எடுத்து வைத்திருந்தா. சில மருந்துகளில் ஆர்சனிக்கும் உண்டு, புகையும் சாம்பலும் நஞ்சு. எடுத்து அப்புறப்படுத்தினேன்.